உனக்கே தெரியாதா, தம்பி?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற மருத்துவப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் நர்சிங் மாணவிகளே! முன்னால் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

அழைப்பிதழில் என் தலைப்பை "பல்கலைக்கழக மருத்துவமனைகளில் வரவிருக்கும் கிளினிக்கல் ட்ரையல்கள்: எளிய விளக்கம்" என்று அச்சடித்திருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு என்னிடம், "இந்த வாட்டி யாரை எலியாக்கப் போறீங்க, டாக்டர்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி சிரிப்பதற்கானது அல்ல. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம்.

நான் முதுநிலைப் படிப்பு படித்த காலம். எங்களுக்கெல்லாம் தீசிஸ் உண்டு. ஓர் ஆய்வு செய்து எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். என்னுடைய ஆய்வு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் இரண்டு வலி மருந்துகளில் எது மேல் என்பது. வார்டில் ஒரு பாட்டி. பித்தப்பையில் கல். கட்டில் ஓரத்தில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் ஏதோ சொன்னேன். "சரி தம்பி" என்று கட்டை விரலை நீட்டினார். மையைத் தடவி உருட்டி வாங்கிக்கொண்டேன். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், பையைக் கட்டி வைத்துக்கொண்டு பாட்டி கேட்டார்: "ரெண்டு மாத்திரை இருக்குன்னியே, எனக்கு எந்த மாத்திரைப்பா விழுந்துச்சு?"

"எனக்கே தெரியாது பாட்டி" என்றேன். உண்மைதான். மருந்துப் பொட்டலத்தில் வெறும் எண்தான் இருக்கும். எது எது என்று எனக்குத் தெரியக்கூடாது என்பது அந்த ஆய்வின் விதி.

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கே தெரியாதா, தம்பி? பின்ன எப்படிய்யா குடுத்தே?"

நண்பர்களே, இந்த ஒரு கேள்விக்குத்தான் இன்று மாலை முழுவதும் பதில் சொல்லப்போகிறேன். அன்று அந்தப் பாட்டிக்குச் சொல்லாத பதில்.

தெரியாமல் எப்படிக் கொடுப்பது? தெரியாததால்தான் கொடுக்கிறோம். எது மேல் என்று தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை. மேலானதைக் கொடுத்துவிட்டுப் போகலாம். தெரிந்துகொண்டே ஒருவருக்கு மட்டமானதைக் கொடுத்தால் அதற்குப் பெயர் ஆய்வு அல்ல, துரோகம். கிளினிக்கல் ட்ரையல் என்பது, மருத்துவர்கள் ஒன்றுகூடி, "இந்த ஒரு விஷயம் எங்களுக்குத் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வது. வெள்ளைக் கோட்டு போட்டவன் வாயிலிருந்து இந்தச் சொல் வருவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும்!

"அனுபவம் இருக்கிறதே டாக்டர், முப்பது வருஷம் பார்த்தவருக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நாம் சொல்வதுதானே? காக்கை உட்கார்ந்தது கண்ணுக்குத் தெரிகிறது. பழம் ஏற்கெனவே பழுத்துக் காம்பு விட்டிருந்தது தெரிவதில்லை. மூன்றாம் நாள் தானாக இறங்கப்போகும் காய்ச்சலுக்கு இரண்டாம் நாள் ஊசி போட்டவர் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார். ஊரே அவர் கிளினிக் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். நானும் சில காலம் கைராசிக்காரனாக இருந்தவன். அந்த சுகம் எனக்குத் தெரியும். ஆனால் பத்துப் பேர் குணமான கதை நம் காதுக்கு வரும். குணமாகாத பதினோராவது ஆள் வேறு டாக்டரிடம் போயிருப்பார். அவர் கதை நமக்கு வராது.

மஞ்சள் காமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சில வாரங்களில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். நம் ஊரில் அந்தப் பெயர் கீழாநெல்லிக்குக் கிடைத்தது. அப்படியானால் கீழாநெல்லி ஏமாற்றா? அவசரப்படாதீர்கள். ஒரு பல்கலைக்கழகம் அதை முறையாகக் கேட்டுப் பார்த்தது. நம்முடைய சென்னைப் பல்கலைக்கழகம்!

அங்கே பேராசிரியர் தியாகராஜன் குழுவினர் பி வகைக் கிருமியை எடுத்துக்கொண்டார்கள். தானாகப் போய்விடும் ஏ வகை அல்ல. உடம்பில் வருஷக்கணக்கில் தங்கிவிடக்கூடிய பி வகை. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பிளம்பெர்க்கும் உடன் சேர்ந்தார். கிருமி தங்கியவர்களில் ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடி, மறு சாராருக்கு மருந்தில்லாத வெற்றுப் பொடி, முப்பது நாள். 1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி உட்கொண்டு சோதனைக்கு வந்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்றுப் பொடி எடுத்த 23 பேரில் ஒரே ஒருவருக்கு.

கேட்கவே மார்பு விம்முகிறதல்லவா? எனக்கும் விம்மியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே கேள்வியைத் தாய்லாந்தில் கேட்டார்கள். 1990இல் அதே 'லான்செட்'டில் பதில் வந்தது: பலன் இல்லை. பிறகு வேறு நாடுகளிலும் கேட்டார்கள். முதல் முடிவு உறுதிப்படவில்லை. சென்னையில் யாராவது பொய் சொன்னார்களா? இல்லை. ஆள் குறைவு, காலம் குறைவு, செடியின் இனம், விளைந்த மண், பறித்த பருவம் எல்லாம் ஊருக்கு ஊர் வேறாக இருக்கலாம். தற்செயலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு நல்ல முடிவு வந்தால் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடாமல், "இன்னொரு முறை கேள்" என்று சொல்லும் பழக்கம் விஞ்ஞானத்துக்கு இருக்கிறது. நமக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் அந்த 1988 மட்டும்தான் வருகிறது, 1990 வருவதில்லை.

சரி, ஒரு சாரார், மறு சாரார் என்றேனே, யாரை எந்தப் பக்கம் போடுவது? இங்கேதான் சூட்சுமமே இருக்கிறது.

டாக்டர் கையில் விட்டால் என்ன ஆகும்? அவரும் மனிதர். புது மருந்தைத் தேறிவிடுவார் என்று தோன்றுகிறவருக்குக் கொடுப்பார். அல்லது பாவம் பார்த்து மிக மோசமாக இருப்பவருக்குக் கொடுப்பார். முதலாவது செய்தால் மருந்துக்கு இல்லாத புகழ். இரண்டாவது செய்தால் இல்லாத பழி. அப்படியானால் யார் தேர்ந்தெடுப்பது?

உத்திரமேரூருக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் போய்ப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். குடவோலை. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். எல்லார் கண்ணிலும் படும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். உள்ளே யார் பெயர் இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். எதற்கு? விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து மாற்றிவிடக் கூடாது என்பதற்கு!

இன்றைக்கு உலகத்தின் எந்தப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனாலும், புது மருந்தா பழைய மருந்தா என்று தீர்மானிப்பது அந்தச் சிறுவன்தான். பெயர் மட்டும் மாறியிருக்கிறது, கணினி எடுக்கிறது. 1947 வாக்கில் இங்கிலாந்தில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைச் சோதித்தபோது ஒட்டிய உறை. போரில் நொந்துபோன நாடு; எல்லாருக்கும் போதுமான மருந்து இல்லை. 107 நோயாளிகள். உறையைப் பிரித்தால்தான் யாருக்கு ஊசி, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்று தெரியும். ஆறு மாதத்தில் ஊசி போட்ட 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர். தேர்ந்தெடுத்தது யாருடைய விருப்பமும் அல்ல என்பதால் அந்த வித்தியாசம் மருந்தின் வித்தியாசம் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

குலுக்கலைக் கேட்டாலே சிலருக்குக் கோபம் வருகிறது. "என் உயிரைச் சீட்டுக் குலுக்கியா தீர்மானிப்பீர்கள்?" நியாயமான கோபம். அதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பதில். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயம் இடையிடையே தப்புத் தாளம் போடும். தாளம் தப்பினால் சாவு வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டிருந்தார்கள். தாளத்தைச் சரிசெய்யும் மாத்திரைகள் இருந்தன. தாளம் சரியானால் ஆயுள் கூடும், எவ்வளவு தெளிவான கணக்கு! டாக்டர்கள் நல்ல மனதோடு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் குலுக்கிப் பார்த்தார்கள். 1989இல் ஆய்வின் ஒரு பகுதியை நடுவிலேயே நிறுத்த வேண்டி வந்தது. ஏன் தெரியுமா? மாத்திரை சாப்பிட்ட 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 725 பேரில் 22 பேர். தாளம் சரியானது, ஆள் போய்விட்டார். சொல்லுங்கள், எலியாக இருந்தது யார்? ஆய்வில் சேர்ந்தவர்களா, அதற்கு முன்னால் ஆய்வே இல்லாமல் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தவர்களா?

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையம். தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள். பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய்க்குச் சானடோரியம் தொடங்கினார். மருந்து இல்லாத காலம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு; இதுதான் வைத்தியம். மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வந்து படுத்திருக்க வேண்டும்.

பிறகு மருந்துகள் வந்தன. ஆனாலும் படுக்கை வேண்டும் என்ற நம்பிக்கை போகவில்லை. நாட்டிலோ நோயாளிகள் பல லட்சம், படுக்கைகள் சில ஆயிரம். என்ன செய்வது? வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் என்ன? "ஐயையோ! குடிசையில் இருப்பவன் ஒழுங்காகச் சாப்பிடுவானா? ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தால் குழந்தைகளுக்குத் தொற்றாதா? கஞ்சி குடிக்கிறவனுக்கு மருந்து வேலை செய்யுமா?" கேட்டவர்கள் எல்லாரும் பெரிய மருத்துவர்கள். கேள்விகள் எல்லாமே நியாயம். ஆனால் பதில் யாருக்கும் தெரியாது.

தெரியாது என்று ஒப்புக்கொண்ட இடத்தின் பெயர் சென்னை, சேத்துப்பட்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நால்வரும் சேர்ந்து அங்கே ஒரு மையத்தைத் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பொறுப்பேற்றார். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கல்தான். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி அவரவர் வீட்டுக்கு. இரு பக்கமும் அதே மருந்து, ஓராண்டு.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். சானடோரியத்தில் இருப்பவருக்குத் துப்புரவான படுக்கை, வேளாவேளைக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டில் இருப்பவர் இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறார். வீட்டில் இருப்பதைச் சாப்பிடுகிறார். வாரத்துக்கு ஒருமுறை மையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிப் போகிறார். சாப்பிட்டாரா, கூவத்தில் போட்டாரா? அதைப் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஆள் வரும். மிச்ச மாத்திரையை எண்ணும். சிறுநீரைச் சோதித்து மருந்தின் சாயல் இருக்கிறதா என்று பார்க்கும். அந்தச் சந்துபொந்துகளில் நடந்த செவிலியர்களின் பெயரை நாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

1959இல் முடிவு வந்தது. ஆண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர்; வீட்டில் 86 பேர். அத்தனை சாப்பாடும் ஓய்வும் சேர்ந்து கொடுத்த வித்தியாசம் அவ்வளவுதான்! வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது பின்னால் அதிகமாகவும் இல்லை. குழந்தைகள்? மருந்து தொடங்கிய பிறகு வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவில்லை.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியானதில் சேத்துப்பட்டின் முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. தாய் பிள்ளையைப் பிரிந்து ஓராண்டு படுத்திருக்க வேண்டாம் என்று ஆனது. பணக்கார நாடுகளும் நம்மிடம் படித்துக்கொண்டன. இதைச் சாதித்தவர்கள் யார்? விஞ்ஞானிகள் மட்டுமா? தெரியாத ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள உடம்பைக் கொடுத்த அந்த 193 பேர். சென்னைவாசிகள், ஏழைகள், பெயர் தெரியாதவர்கள். வாசலில் எலியென்று கேட்ட ஐயா எங்கே? ஐயா, இவர்களை எலியென்று சொல்ல மனம் வருமா?

இதில் ஒரு வாலும் உண்டு. சாப்பாடு குறைந்தவருக்கும் மருந்து வேலை செய்கிறது என்று சேத்துப்பட்டு சொன்னதைச் சிலர், "காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை" என்று படித்துக்கொண்டார்கள். ஆய்வு அதைக் கேட்கவே இல்லை! அறுபது ஆண்டு கழித்துத்தான் அந்த இன்னொரு கேள்வியைக் கேட்டார்கள்: நோயாளியின் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் நோய் வராமல் தடுக்கலாமா? மங்களூரின் யேனபோயா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் அனுராக் பார்கவாவும், அதே சேத்துப்பட்டு மையமும், மற்றவர்களும் சேர்ந்து 2019இல் ஜார்க்கண்டில் தொடங்கினார்கள். நோயாளிகள் எல்லாருக்குமே உணவுப் பொருள் உண்டு. ஒரு பிரிவில் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தார். 2023இல் முடிவு: உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாக நின்றன! ட்ரையல் என்றால் புது மாத்திரை, வெளிநாட்டுக் கம்பெனி என்றுதான் நினைக்கிறோம். சோற்றையும் குலுக்கிச் சோதிக்கலாம்.

கொரோனாவைச் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். 2020 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 'ரெகவரி' என்ற ஆய்வைச் சில நாட்களில் கட்டி எழுப்பியது. உலகமே ஹைட்ராக்ஸிகுளோரோகுவினுக்கு அலைந்த நேரம். ஜூன் மாதத்துக்குள் பதில் வந்துவிட்டது: மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அது உதவவில்லை. அதே மாதம் இன்னொரு பதில்: டெக்சாமெத்தசோன். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய ஸ்டீராய்டு மருந்து. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாதாரண சிகிச்சையில் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள் என்றால், இதைச் சேர்த்தபோது 29 பேர். ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு? பலன் இல்லை. அந்த இரண்டாம் பாதியை யார் காதில் வாங்கினார்கள்? அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கெல்லாம் ஸ்டீராய்டு விழுங்கினோம். கருப்புப் பூஞ்சை வந்தபோது அந்த ஸ்டீராய்டு வேலையைக் காட்டியது. நம் நாட்டிலும் 39 மருத்துவமனைகளில் 464 பேரைக் கொண்டு பிளாஸ்மா சிகிச்சையைச் சோதித்தார்கள். நோய் முற்றுவதையோ சாவையோ அது குறைக்கவில்லை. பிளாஸ்மா கேட்டு எத்தனை குடும்பம் இரவெல்லாம் போன் செய்திருக்கும்!

இவ்வளவு பெருமை பேசினேன். பெரியவரின் கேள்விக்கு வரலாற்றில் நியாயம் இல்லையா? இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், டஸ்கிகி. சிபிலிஸ் நோய் வந்த சுமார் 400 கறுப்பின ஏழை ஆண்களை, 1932 முதல் 1972 வரை, அரசு சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. "கெட்ட ரத்தம்" என்று சொல்லிவைத்தார்கள். பென்சிலின் குணப்படுத்தும் என்று உலகத்துக்கே தெரிந்த பிறகும் கொடுக்கவில்லை. கவனியுங்கள், அங்கே "தெரியாது" இல்லை. தெரிந்தது. தெரிந்தும் கொடுக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2009, 2010இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் ஆய்வு நடந்தது. ஊசி நல்ல ஊசிதான். இன்றைக்கும் உங்கள் பெண்பிள்ளைகளுக்குப் போடச் சொல்வேன். நடுவில் நேர்ந்த இறப்புகள் ஊசியால் என்றும் விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளர் கையெழுத்துப் போட்டார். நாடாளுமன்றக் குழுவே கண்டித்தது. மருந்து நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? கேட்க வேண்டியவரைக் கேட்டார்களா?

எனவே, இனி வரப்போகும் ஆய்வுகளுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்குத் தேவைப்படும் பகுதி இதுதான். நர்சிங் மாணவிகள் எழுதிக்கொள்ளலாம்.

நம் நாட்டில் எந்த ஆய்வும் ரகசியமாகத் தொடங்கக் கூடாது. 'சி.டி.ஆர்.ஐ.' என்றொரு பதிவேடு, 2007 முதல் இணையத்தில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குகிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், காசு கிடையாது. 2018 ஏப்ரல் முதல் கண்டிப்பு இன்னும் கூடியது: முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். ஏன் முன்பே? தேர்வு முடிந்த பிறகு கேள்வித்தாள் அச்சடித்தால் எல்லாரும் முதல் வகுப்புத்தான்! வலி குறைகிறதா என்று பார்க்கத் தொடங்கி, அது குறையாமல் தூக்கம் கூடினால், "தூக்கத்துக்குத்தான் ஆய்வு செய்தோம்" என்று மாற்றிச் சொல்லக் கூடாது. அந்தப் பதிவேட்டில் 'இன்னும் ஆள்சேர்ப்பு தொடங்கவில்லை' என்று ஒரு நிலை உண்டு. அதுதான் வரவிருக்கும் ஆய்வு. எந்த ஊர், எந்த மருத்துவமனை, எத்தனை பேர், யார் சேரலாம், யார் சேரக்கூடாது, யாருடைய பணம், எல்லாம் இருக்கும். அலோபதி மட்டுமல்ல, சித்தா, ஆயுர்வேதமும் உண்டு.

திறந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். புற்றுநோய்க்கு அற்புத மருந்து என்று எதிர்பார்த்துப் போவீர்கள். அங்கே பட்ட மேற்படிப்பு ஆய்வேடுகள் ஏராளமாக இருக்கும். தண்டுவடத்தில் மயக்க ஊசி போட இரண்டு முறை. புண்ணுக்குக் கட்டுப் போட இரண்டு வகை. பிரசவ வலிக்கு இரண்டு மருந்து. அன்றைய என்னைப் போன்ற பி.ஜி. டாக்டர்கள் உங்கள் கட்டிலுக்கு அருகே கொண்டுவரப்போவது பெரும்பாலும் இதைத்தான். சின்னக் கேள்விகள். ஆனால் நாளைக்கு உங்கள் மகளின் பிரசவத்தில் வலி குறைவதும் இந்தச் சின்னக் கேள்விகளால்தான்.

புத்தம்புது மருந்தென்றால் கட்டம் கட்டமாக வரும். முதல் கட்டத்தில் சிலருக்குக் கொடுத்து, உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டில், பலன் இருக்கும் சாயலாவது தெரிகிறதா? மூன்றில்தான் பெரிய குலுக்கல். நான்காவது, மருந்து கடைக்கு வந்த பிறகும் கண்காணிப்பது. எத்தனையாவது கட்டம் என்று கேளுங்கள். முதல் கட்டமென்றால் உங்களுக்குப் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் சேராதீர்கள்.

ஏற்கெனவே கடையில் இருக்கும் மருந்தை வைத்துப் பல்கலைக்கழகம் செய்யும் கல்விசார் ஆய்வுக்கு, 2019ஆம் ஆண்டு விதிகளின்படி டில்லியிலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதிகூடப் பெரும்பாலும் வேண்டாம்; மருத்துவமனையின் நெறிமுறைக் குழு, அதாவது எதிக்ஸ் கமிட்டி, ஒப்புக்கொண்டால் போதும். அப்படியானால் அந்தக் கமிட்டிதான் காவல். அதில் குறைந்தது ஏழு பேர். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், மருத்துவம் படிக்காத சாமானியர் ஒருவர். அந்தச் சாமானியர் நாற்காலியில் உங்களில் யாராவது உட்கார வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பல இடங்களில் அந்த நாற்காலி வாயைத் திறப்பதில்லை.

ஒப்புதல் படிவம் வரும். உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். என் பாட்டிக்கு அப்படி யாரும் இல்லை. கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு நகல் உங்களுக்குச் சேர வேண்டும். கேட்டு வாங்குங்கள், ரேஷன் கார்டோடு வையுங்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நடுவில் விலகவும் உரிமை உண்டு. விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு; விதியிலேயே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தாக ஏதாவது நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் மேலே தெரிவித்தாக வேண்டும்.

"என்னென்ன கேட்பது டாக்டர், பயமாக இருக்கிறதே?" எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மாப்பிள்ளை பார்க்கப் போகும்போது என்னென்ன கேட்கிறோம்? அந்தத் திறமை நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அதைப் படிவத்தின் முன்னால் எடுத்து விடுங்கள். எது உங்களுக்குத் தெரியவில்லை என்று இந்த ஆய்வு செய்கிறீர்கள்? நான் சேராவிட்டால் எனக்கு என்ன மருந்து? எத்தனை முறை வர வேண்டும், பஸ் காசு யார் தருவார்? அப்புறம் ஒன்று, யாரும் கேட்காதது: முடிவு வந்தால் எனக்குச் சொல்வீர்களா?

கடைசிக் கேள்வியில் எனக்குச் சொந்தக் கடன் இருக்கிறது. என் ஆய்வு முடிந்தது. உறைகளைப் பிரித்தோம். எந்த எண்ணுக்கு எந்த மாத்திரை என்று தெரிந்தது. இரண்டு மருந்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டம் வாங்கினேன். பாட்டியின் முகவரி கேஸ் ஷீட்டில் இருந்தது. ஒரு தபால் அட்டை போட்டிருக்கலாம். போடவில்லை. தோன்றவே இல்லை.

நேரமாகிவிட்டது, அவைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே நூலகத்தின் கணினிப் பிரிவில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பதிவேட்டைத் திறந்து, நம் மாவட்டத்தில் இன்னும் தொடங்காத ஆய்வுகள் என்னென்ன என்று ஒன்றொன்றாகப் படித்துத் தமிழில் சொல்கிறேன். யாரிடமாவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட படிவ நகல் இருந்தால் கொண்டுவாருங்கள். வாசலில் கேட்ட ஐயா அவசியம் வர வேண்டும்.